நியூ ஆம்ஸ்டர்டாம் கோட்டைக்குப் படகில் போங்கள்

தென் அமெரிக்க நாடான சுரினாமில் நியூ ஆம்ஸ்டர்டாம் கோட்டையின் திறந்தவெளி அருங்காட்சியகத்தைப் பார்க்க தலைநகர் பரமாரிபோவிலிருந்து டாக்சி பிடிக்காதீர்கள், வடக்கே லியோன்ஸ்பெர்க் துறைக்குப் போய் அங்கிருந்து சிறு படகில் ஆற்றைக் கடந்துவிடுங்கள். சுரினாம் ஆற்றின் மேல் 2000இல் திறந்த பாலம் நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது, கோட்டையோ வடக்கே சுரினாம் ஆறும் கொமவைன ஆறும் கலக்கும் முனையில் 1734-47இல் கட்டியது, அதனால் சாலையில் போனால் தெற்கே இறங்கி மறுகரையில் அத்தனை தூரமும் திரும்ப ஏறி வரவேண்டும். வாடகை சைக்கிளையும் படகில் ஏற்றிக்கொள்ளலாம், அப்புறம் அந்தப் பக்கத்துப் பழைய கரும்புத் தோட்டங்களையும் சுற்றலாம், தமிழர்களுக்கு அவசியம் பரிந்துரைப்பேன், 1873 முதல் வந்த இந்திய ஒப்பந்தக் கூலிகள் உழைத்த மண் அது. கட்டணத்தை மட்டும் ஏறும் முன்பே பேசிவிடுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து போனாலோ, கூட வயதானவர்கள் இருந்தாலோ, பலத்த மழை என்றாலோ டாக்சிதான் சரி.