சர்க்கரைப் பூச்சு கட்டி தட்டாமல் இருக்க

கடலை, பாதாம், எள் எதற்குச் சர்க்கரைப் பூச்சு போட்டாலும் பாகை மொத்தமாக ஊற்றாதீர்கள். வறுத்த பருப்பை வாணலியில் இளஞ்சூட்டிலேயே வைத்துக்கொண்டு, ஒரு கம்பிப் பதத்தில் (சுமார் 105 டிகிரி செல்சியஸ்) இருக்கும் பாகை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் கிளறுங்கள். பிசுபிசுப்பு போய், வெள்ளையாகப் பூத்து, பருப்பு கலகலவென்று தனித்தனியாக உருளத் தொடங்கினால்தான் அடுத்த ஸ்பூன்.

காரணம் எளிது. மெல்லிய பூச்சில் இருக்கும் ஈரம் சூட்டில் சட்டென்று வற்றிவிடும், கிளறக் கிளறச் சர்க்கரை பொடிப் படிகமாக மாறிப் பருப்பின் மேலேயே உட்கார்ந்துவிடும். மொத்தமாக ஊற்றினால் நடுவில் ஈரம் மாட்டிக்கொண்டு எல்லாம் ஒரே கட்டியாகிவிடும், அப்புறம் உடைத்துத்தான் தின்ன வேண்டும். இதில் எலுமிச்சைச் சாறு சேர்க்கவே கூடாது, அது படிகமாவதைத் தடுக்கும்.

கண்ணாடி மாதிரி மொறுமொறு பூச்சு வேண்டுமென்றால் இது உதவாது. ஆரஞ்சுத் தோல், பழத்துண்டு போன்ற ஈரமானவற்றுக்கும் சரிவராது. அவற்றைப் பாகிலேயே வேகவிட்டு, உலர்த்தி, கடைசியில் சர்க்கரையில் புரட்டுவதுதான் வழி.