ஆட்டோபைலட்: முதலில் அணைக்கப் பழகுங்கள்

சின்ன விமானத்தில் ஏறியதும், விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட்டை எப்படிப் போடுவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் அணைப்பதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். தரையிலேயே, விமானத்தை ஓட்டும் பிடியில் கட்டைவிரல் படும் சிவப்புப் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை அழுத்துங்கள். அது கேட்காவிட்டால் இழுக்க வேண்டிய சர்க்யூட் பிரேக்கரையும் தொட்டுப் பாருங்கள்.

ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. பல்லடத்துக்கு மேலே குலுக்கியபோது, ஆட்டோபைலட் ஓடுவதையே மறந்து நாமக்கல் தம்பி ஒருவர் பிடியை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். தள்ளத் தள்ள, அது டிரிம் சக்கரத்தை (மூக்கு எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று வைக்கும் சக்கரம்) எதிர்ப்பக்கம் சுற்றியது. "ஏனுங்க சார், இத்தனை கனமா இருக்குதுங்க?" என்றார். அந்த நேரத்தில் கையை விட்டால் மூக்கு விண்ணென்று எகிறும். பிடியை இறுக்கிக்கொண்டு அணைக்க வேண்டும், டிரிம் அப்புறம்.

ஆட்டோபைலட்டை நிமிடத்துக்கு 700 அடி ஏறச் சொல்லிவிட்டு மேப் பார்க்கவும் கூடாது. சித்திரை வெயிலில் இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். பழைய ஆட்டோபைலட்டுகள் வேகத்தைத் தின்றாவது ஏறப் பார்க்கும், ஸ்டால் வரைக்கும், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் வரைக்கும். வேகமானியில் ஒரு கண் இருக்கட்டும்.

கார்மின் கம்பெனியின் திரை என்றால், ஆட்டோபைலட் என்ன செய்கிறது என்று அதில் காட்டும் எழுத்தை வாய்விட்டுப் படியுங்கள். பச்சை இப்போது நடப்பது, வெள்ளை காத்திருப்பது.