ஜாவா யூட்டிலிட்டி நிரல்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரிப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தரும் எங்கள் சிறு குழுவில், கல்லூரி முடித்த பிள்ளைகள் சிலர் அவ்வப்போது வந்து சேர்கிறார்கள். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையின் எடைச்சீட்டைப் படிப்பது, ஊர்ப்பெயர்களைச் சீராக்குவது, தொகையை முழுமையாக்குவது போன்ற சில்லறை வேலைகளுக்கான மெத்தட்களை ஒரு ஜாவா லைப்ரரியாக வைத்திருக்கிறோம்; புதியவர்களின் கை முதலில் படுவது அதில்தான். அந்த வயதில் நாங்கள் செய்தவற்றையே அவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். லூப்புக்குள் ஸ்ட்ரிங்கைக் கூட்டல் குறியால் ஒட்டாதே, திறந்த ஃபைலை மூடு என்பவற்றை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நானோடைமை நம்பி எடுக்கும் முடிவு

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். மெயின் மெத்தடின் தொடக்கத்தில் ஒரு நானோடைம் (நேரத்தை நானோவினாடியில் தரும் மெத்தட்), நடுவில் பத்து லட்சம் முறை சுற்றும் லூப், இறுதியில் இன்னொரு நானோடைம் என்று எழுதி, இரண்டின் வித்தியாசத்தை அச்சிட்டு, அதையே வேகம் என்று நம்பிவிடுகிறார்கள்.

எங்களிடம் சேர்ந்த தம்பி ஒருவர், எடைச்சீட்டின் வரியைக் காற்புள்ளியில் பிரிக்கும் மெத்தடில் இருந்த ஸ்பிளிட்டை எடுத்துவிட்டு, எழுத்தெழுத்தாகப் படித்து எண்களை ஓர் அரேயில் நிரப்பும்படி மாற்றி எழுதினார். வேகம் கூடட்டும் என்று அந்த அரேயை வரிக்கு வரி புதிதாக உருவாக்காமல், ஒன்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். பழையதையும் புதியதையும் ஒரே மெயினில் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்ததில் புதியது பல மடங்கு வேகம் என்று வந்தது. அந்த எண்ணை நம்பி மாற்றமும் லைப்ரரிக்குள் போய்விட்டது.

சீட்டின் கடைசிப் பத்தி, இலையில் தங்கிய மழைநீருக்காகக் கழிக்கும் எடை. வெயில் நாளில் அது காலியாக இருக்கும். காலியான கடைசிப் பத்தியை ஸ்பிளிட் தானாகவே விட்டுவிடும் என்பதால், பழைய நிரல் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. புதிய நிரலோ காலியான இடத்தில் எதையும் எழுதவில்லை. அரேயில் முந்தைய வரியின் எண் அப்படியே நின்றது. ஈர இலை கொண்டுவந்தவருக்குரிய கழிவு, அவருக்குப் பின்னால் காய்ந்த இலையோடு நின்றவரின் கணக்கிலும் விழுந்தது. விவசாயிகள் சீட்டோடு வந்து கேட்ட பிறகுதான் தெரிந்தது.

இத்தனைக்கும் அந்த வேகமே மெய்யானதன்று. லூப்பின் விடைகளைக் கூட்டி, கூட்டுத்தொகையை இறுதியில் அச்சிடச் சொன்னேன். வரிசையையும் மாற்றி ஓட்டச் சொன்னேன். 'பல மடங்கு' என்பது சிறு வித்தியாசமாகச் சுருங்கிவிட்டது. ஸ்பிளிட் என்றாலே ரெகெக்ஸ் (எழுத்துக் கோலங்களைத் தேடும் விதிமொழி), ஆகவே மெதுவானது என்ற அவருடைய எண்ணமும் இங்கே பொருந்தாது. காற்புள்ளி போன்ற ஒற்றை எழுத்துக்கு ஜாவா 7 முதலே ரெகெக்ஸ் இயந்திரத்தைத் தொடாத குறுக்குவழி அதில் உண்டு.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜாவா நிரல் முதலில், கட்டளை கட்டளையாக நிறைவேற்றும் இன்டர்பிரிட்டரில் ஓடுகிறது. அடிக்கடி அழைக்கப்படும் மெத்தட்களை ஹாட்ஸ்பாட் என்ற ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) முதலில் சி1 கம்பைலராலும், பிறகு சி2 கம்பைலராலும் இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. ஆகவே முதலில் ஓடுவது, வகுப்புகளை ஏற்றும் செலவையும் இந்த மாற்றத்தின் செலவையும் தன் தலையில் சுமக்கிறது. லூப்பின் விடையை யாரும் பயன்படுத்தவில்லை என்று சி2 கண்டுகொண்டாலோ, அந்தக் கணக்கையே நீக்கிவிடும். அப்போது நீங்கள் அளப்பது செய்யாத வேலையின் நேரத்தை. இதற்கு நேரெதிராகவும் நடக்கும்: இரு வகுப்புகளை ஒரே இன்டர்ஃபேஸ் வழியாக அழைக்கும்போது, முதல் வகுப்பு மட்டுமே வரும் என்று கருதி அழைப்பைச் சுருக்கி வைத்திருந்த கம்பைலர், இரண்டாவது வந்ததும் அந்த ஊகத்தைக் கைவிடுவதால், பின்னால் ஓடுவது மெதுவானதாகத் தோன்றும்.

ஜாவாவின் திறந்தமூலத் திட்டமான ஓப்பன்ஜேடிகேயின் ஜேஎம்எச் என்ற வேகமளக்கும் கருவி இதற்காகவே இருக்கிறது. அது ஒவ்வொரு பெஞ்ச்மார்க்கையும் தனி ஜேவிஎம்மில் ஓட்டி, சூடேற்றும் சுற்றுகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறது. மெத்தட் திருப்பித் தரும் விடையையோ விடைகளை வாங்கிக்கொள்வதற்கென்றே அதில் உள்ள பிளாக்ஹோலுக்குக் கொடுக்கும் விடையையோ கம்பைலரால் நீக்க முடியாது. இயல்பு அமைப்பில் 5 ஃபோர்க்குகள் (தனித்தனி ஜேவிஎம் ஓட்டங்கள்), ஒவ்வொன்றிலும் 10 வினாடி அளவிலான 5 சூடேற்றும் சுற்றுகள், 5 அளவீட்டுச் சுற்றுகள். அதாவது ஒரு மெத்தடுக்கு 500 வினாடி. காத்திருக்கப் பொறுமையின்றி ஃபோர்க்கைப் பூஜ்யமாக்குகிறவர்கள், ஒரே ஜேவிஎம்மில் அடுத்தடுத்து ஓட்டும் பழைய மெயின் மெத்தடுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

ஆப்ஜெக்ட் பூல்

புதிதாக உருவாக்கும் செலவை மிச்சப்படுத்த, பழைய ஆப்ஜெக்ட்களையே சேர்த்து வைத்துத் திரும்பப் பயன்படுத்துவது ஆப்ஜெக்ட் பூல். அதன் ஆபத்தைச் சொல்ல மேலே சொன்ன அரேயின் கதையே போதும்.

சோதனைத் தரவில் தமிழ் இல்லாதது

நம் ஊர் மென்பொருளுக்குச் சோதனை எழுதுகிறவர்கள்கூட ஆங்கில எழுத்துகளை மட்டும் கொடுத்துச் சோதித்து முடித்துவிடுவது விந்தை. 'கோத்தகிரி' என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து. குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி, ஜாவாவின் லெங்த் 9 என்று சொல்லும். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேமிக்காமல், ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்துச் சேமித்த தரவில் அதே சொல்லுக்கு 10 வரும். திரையில் இரண்டும் ஒன்றே, ஈக்வல்ஸுக்கு வேறு வேறு. ஹேஷ்மேப்பில் ஒரே ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்பது இதனால்தான். சாவியாக வைக்கும் முன் நார்மலைசர் வகுப்பைக் கொண்டு, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

பெயரில் எழுத்துகள் மட்டுமே உள்ளனவா என்று பார்க்கும் மெத்தடில் இஸ்லெட்டரை வைத்தால் 'குன்னூர்' தோற்றுப்போகும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்துகள் அல்ல. இஸ்ஆல்ஃபபெட்டிக்குக்கு மாற்றினால் குறிகள் தேறிவிடும், புள்ளி தேறாது.

எல்லை எண்கள்

எதிர்மக் குறியை நீக்க வேண்டிய மேத் வகுப்பின் ஏபிஎஸ், இன்ட் என்ற முழு எண் வகையின் மிகச் சிறிய எண்ணுக்கு எதிர்ம எண்ணையே திருப்பித் தரும். ஜாவாவோடு வரும் ஜேடிகேயில், வரிசைப்படுத்திய அரேயை நடுவில் பிரித்துப் பிரித்துத் தேடும் பைனரி சர்ச்சிலேயே, இரு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுத்த வரி, கூட்டுத்தொகை இன்டின் உச்சமான 2,147,483,647-ஐத் தாண்டும்போது எதிர்மமாகிவிடும் என்பதை, அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் எழுதினார். கூட்டுத்தொகை அந்த அளவைத் தாண்ட, அரேயில் நூறு கோடிக்கு மேல் உறுப்புகள் இருக்க வேண்டும். ஆகவே சாதாரணச் சோதனை எதுவும் அதைப் பிடித்திருக்க முடியாது. நடுப்புள்ளி காண்பதைத் தனி மெத்தடாக எழுதியிருந்தால் இரண்டு பெரிய எண்களைக் கொடுத்தே பிடித்திருக்கலாம்.

ஸ்டாட்டிக்காக வைத்த சிம்பிள்டேட்ஃபார்மேட்

தேதியைப் படிக்கவும் எழுதவும் உதவும் இந்த வகுப்பின் ஒரே ஆப்ஜெக்டைப் பல திரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் இழைகள்) பகிர்ந்தால் தேதி குழம்பும். அதற்குப் பதிலாகப் பயன்படுத்த டேட்டைம்ஃபார்மேட்டர் ஜாவா 8 முதலே இருக்கிறது.

ஜேயூனிட் சோதனைக்குள் நேர வரம்பு

மெத்தட்களைத் தானாகச் சோதிக்கும் ஜேயூனிட் கருவியில், மெத்தட் 5 மில்லிவினாடிக்குள் முடிய வேண்டும் என்று சோதனை எழுதுகிறார்கள். ஐப்பசி மழையில் மரம் விழுந்து மின்சாரம் போய், லேப்டாப் பேட்டரிக்கு மாறி, ப்ராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டதும் சரியான நிரலே தோற்றுவிடுகிறது. உடனே வரம்பை ஐம்பதாக்குகிறார்கள், பிறகு ஐந்நூறாக்குகிறார்கள். அதற்குப்பின் நிரல் உண்மையிலேயே நூறு மடங்கு மெதுவானாலும் சோதனை தேறிவிடும். ஜேயூனிட்டில் விடை சரியா என்பதை மட்டும் பாருங்கள். வேகத்தை ஜேஎம்எச்சில், எப்போதும் ஒரே கணினியில், மின்னிணைப்பு இருக்கும்போது அளந்து, பிழை வரம்போடு எழுதி வைத்து, அடுத்த வெளியீட்டின் எண்ணை அதனோடு ஒப்பிடுங்கள்.