கூட்டத்துக்கு ஆம்லெட்: மலை முகாம்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஏற்காட்டில் இரவு தங்கும்போது, மறுநாள் காலைச் சிற்றுண்டிக்கு முட்டையைத் தேர்ந்தெடுப்பது நல்ல முடிவுதான். நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் சேலத்தில் முட்டைக்குத் தட்டுப்பாடு இல்லை. ஊறவைக்கவும் வேண்டாம், அரைக்கவும் வேண்டாம், சட்னி இல்லாவிட்டாலும் சாப்பிட்டுவிடலாம். ஆனால் வீட்டில் இருவருக்குச் செய்யும் முறையையே முப்பது பேருக்கும் பெருக்கிச் செய்ய முற்படுவதுதான் முதல் தவறு. பின்னால் வரும் பல தவறுகளுக்கும் அதுவே வேர். ஒரு தோசைக்கல்லில் ஓர் ஆம்லெட்டுக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், முப்பது ஆம்லெட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். முதலில் வாங்கியவர் கைகழுவி நடைக்குக் கிளம்பிய பிறகும் கடைசிப் பந்தியினர் காத்துக்கொண்டிருப்பார்கள். கல்லின் முன் நிற்பவரோ சாப்பிடவே மாட்டார். நேரம் போகிறதே என்று தீயைக் கூட்டினால் அடிப்பக்கம் கருகும், மேற்பக்கம் கொழகொழவென்று நிற்கும்.

கூட்டத்துக்கு ஏற்றது இட்லிப் பானைதான் என்பது என் உறுதியான கருத்து. எண்ணெய் தடவிய எவர்சில்வர் டம்ளர்களிலோ, விளிம்பு உயர்ந்த தட்டிலோ முட்டைக் கலவையை ஊற்றி ஆவியில் வைத்தால், ஒரே ஈட்டில் எட்டுப் பத்துப் பேருக்கு ஆகிவிடும். ஓரம் முறுகலாக இருக்கவேண்டும் என்று கேட்பவர்களுக்குக் குழிப்பணியாரக் கல் இருக்கிறது; கல்லின் அளவைப் பொறுத்து ஒரு முட்டைக் கலவை இரண்டு குழிகளுக்குப் போதும், குழந்தைகள் கையில் பிடித்துத் தின்பதற்கும் அது வசதி.

இதற்கு மாற்றாக, முட்டையையும் வெங்காயத்தையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கொதிநீரில் போட்டு எடுக்கும் முறையைச் சிலர் பின்பற்றுகிறார்கள். அவரவர் பையில் அவரவருக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம், பாத்திரம் கழுவும் வேலை இல்லை என்பது அதன் கவர்ச்சி. சாதாரண ஜிப் பைகள் பொருள்களைச் சேமித்து வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. கொதிநீரில் வேகவைப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தண்ணீரைவிடப் பாத்திரத்தின் சூடான பக்கச்சுவரில் ஒட்டும் இடத்தில்தான் பை இளகி ஓட்டையாகிறது. ஓட்டையானால் முட்டை வெளியேறும், கொதிநீர் உள்ளே புகும். வேகவைக்க ஏற்றது என்று அச்சிடப்படாத எந்தப் பையையும் சூட்டில் வைத்து அதில் உள்ளதை உண்ணக் கூடாது. தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கும்போது, முப்பது எண்ணெய்ப் பைகளை மலையில் குப்பையாக்கும் முறையைக் கைக்கொள்ளவும் தேவையில்லை. ஆளுக்கொரு டம்ளர் என்று வைத்தால் அவரவர் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளும் அதே வசதி கிடைத்துவிடுகிறது.

முட்டையை மலைக்கு எடுத்துச் செல்வதில் நேரும் தவறு உடல்நலத்தைத் தொடுவதால் அதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அடிவாரத்தைத் தாண்டியதும் தொடங்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் முட்டை உடையும் என்று அஞ்சி, முதல் நாளிரவே எல்லாவற்றையும் உடைத்துத் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றிக்கொண்டு வருபவர்கள் உண்டு. ஓடு இருக்கும்வரை முட்டைக்கு ஒரு காப்பு இருக்கிறது. உடைத்து ஒன்றாகக் கலந்த பிறகு, முப்பதில் ஒன்றில் சால்மோனெல்லா போன்ற கிருமி இருந்தாலும் அது முழுவதிலும் பரவி, வெதுவெதுப்பில் வேகமாகப் பெருகும். ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் உடைத்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொதுவான விதி. சேலத்துச் சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் அந்த இரண்டு மணி நேரத்தைக்கூட எடுத்துக்கொள்ள முடியாது. ஐஸ் நிரப்பிய பெட்டி இல்லாமல் உடைத்த முட்டையைக் கொண்டு செல்லவே வேண்டாம். முழு முட்டைகளை அட்டையோடு, கூர்முனை கீழே இருக்குமாறு அடுக்கி, மேலே இன்னொரு வெற்று அட்டையைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டி, இருக்கைக்குக் கீழே அசையாமல் வைத்தால் வளைவுகளில் உடைவது அரிது. வழியில் விரிசல் விட்டதை, ஒழுகாவிட்டாலும், கலவையில் சேர்க்கக் கூடாது. புறப்படும் முன் முட்டைகளைக் கழுவி வைப்பதும் தவறுதான். ஓட்டின் மேலுள்ள மெல்லிய இயற்கைப் பூச்சு போய்விட்டால், நுண்துளைகள் வழியாக ஈரமும் கிருமியும் உள்ளே செல்ல இடமாகும். அழுக்கு ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

முட்டைகளை நேராகப் பெரிய போசியில் உடைத்து ஊற்றாமல், ஒவ்வொன்றையும் முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் உடைத்து, மோந்து பார்த்துச் சேர்க்கவேண்டும். தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனை முட்டையின் வயதைத்தான் காட்டும், ஏனெனில் நாளாக ஆக உள்ளே காற்றறை பெரிதாகிறது. கெட்டதா என்பதை மூக்குதான் சொல்லவேண்டும். கடைசி முட்டையில் அலட்சியம் காட்டினால் இருபத்தொன்பதும் வீணாகும். ஓர் அட்டை, அதாவது முப்பது முட்டை, உடைத்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் வரும். அதற்கு இரண்டு முதல் இரண்டரை தேக்கரண்டி உப்பும், கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகச் சின்ன வெங்காயமும் போதும்.

அந்த வெங்காயத்தைப் பச்சையாகப் போடுவது ஆவி முறையில் பெரிய பிழை. தோசைக்கல்லின் சூட்டில் வெங்காயம் வதங்கிவிடும். ஆவியில் வதங்காது, முட்டை வெந்த பிறகும் நறுக்நறுக்கென்று பச்சை வாடையோடு இருக்கும், உப்புப் பட்டு நீரும் விடும். தக்காளியும் காளானும் இன்னும் அதிகமாக நீர் விடும். எல்லாவற்றையும் சேலத்திலேயே வதக்கிக் கொண்டுவர நினைத்தால் குளிர்ச்சியில்தான் கொண்டுவரவேண்டும். அதைவிட முகாமிலேயே வாணலியில் ஈரம் வற்றும்வரை வதக்கி, ஆறவைத்துச் சேர்ப்பது நல்லது. வதக்கியதை மொத்தக் கலவையில் கொட்டினால் எல்லாம் அடியில் தங்கி, முதல் டம்ளருக்கு வெறும் முட்டையும் கடைசி டம்ளருக்கு வெறும் வெங்காயமும் வரும். ஒவ்வொரு டம்ளரிலும் முதலில் வெங்காயத்தைப் பங்கிட்டுப் போட்டு, அதன் மேல் முட்டையை ஊற்றவேண்டும். மஞ்சள்தூளும் அடியில் தங்கும் குணமுடையது என்பதால், ஒவ்வொரு முறை மொள்ளும்போதும் கரண்டியால் கலக்கவேண்டும். பால் சேர்ப்பவர்கள் ஓர் அட்டைக்கு ஒரு டம்ளருக்கு மேல் போகவேண்டாம். மிகுந்தால் வெந்தபின் நீர் கசியும்.

மலையில் முட்டை சரியாக வேகாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் நூறு டிகிரிக்குப் பதிலாகச் சுமார் 95 டிகிரியிலேயே கொதிக்கிறது. அரிசிக்கும் பருப்புக்கும் இந்த வேறுபாடு தெரியும். வெள்ளைக்கரு அறுபது டிகிரியைத் தாண்டியதும் கட்டத் தொடங்கிவிடுவதாலும், கலவை முழுவதும் 71 டிகிரியைத் தொட்டால் கிருமிகள் அழிந்துவிடுவதாலும், முட்டைக்கு அந்த 95 டிகிரி தாராளம். உண்மையில் இங்கே நேரும் தவறு அளவுக்கு மீறிய சூடுதான். தண்ணீர் கொந்தளிக்கும்படி எரித்தால் முட்டை உப்பி, உள்ளே துளை விழுந்து, எடுத்ததும் சுருங்கி நீர் விடும். நடுத்தரத் தீயில், மூடியைச் சற்றே ஒருக்களித்து வைத்து, நீர்த்துளிகள் சொட்டாமல் மூடிக்கு உள்பக்கம் ஒரு துணியைக் கட்டி வேகவைக்கவேண்டும். கலவையை நுரைக்க அடிக்காமல் கரு உடைந்து கலக்கும் அளவுக்கு மட்டும் அடித்து, டம்ளரில் முக்கால் பங்குக்கும் குறைவாக ஊற்றினால் பொங்கி வழியாது. இரண்டு விரற்கடை ஆழமுள்ள தட்டுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம், டம்ளருக்குச் சற்றுக் கூடுதல். நடுவில் கத்தியைச் செருகினால் ஈரமாக முட்டை ஒட்டாமல் வரவேண்டும்.

முட்டையைப் பாதி வெந்த நிலையிலேயே கல்லிலிருந்து எடுக்கும் கலக்கிக்கு நம் பக்கத்தில் இருக்கும் மதிப்பு எனக்கும் உண்டு. நன்றாகச் செய்த கலக்கிக்கு இணையாக முட்டையில் வேறொன்றைச் சொல்லமாட்டேன். ஆனால் அது ஒருவருக்காக, அப்போது உடைத்த முட்டையில், கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரவேண்டிய பண்டம். முதியவர்களும் சிறு குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் இருக்கும் கூட்டத்துக்கு, மொத்தமாகக் கலந்த முட்டையைப் பாதி வெந்த நிலையில் பரிமாறுவது கூடாது.

வெந்ததை மூடி அடுப்பின் மேலேயே சூடாக வைத்திருப்பதும் வேண்டாம். நீண்ட நேரம் சூட்டில் இருந்தால் மஞ்சள் கருவின் இரும்பும் வெள்ளைக்கருவின் கந்தகமும் சேர்ந்து ஆம்லெட் பச்சை கலந்த சாம்பல் நிறமாகும். தீங்கில்லை என்றாலும் யாரும் விரும்பி எடுக்கமாட்டார்கள். ஓர் ஈடு பரிமாறப்படும்போது அடுத்த ஈடு வெந்துகொண்டிருக்குமாறு இரண்டு பானைகளை வைத்துக்கொள்வது நல்லது. மிளகைப் பரிமாறும் நேரத்தில் இடித்துத் தூவவேண்டும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும் ஊருக்குச் சென்று, பாக்கெட்டில் மணம் போன தூளைத் தூவுவது பெரிய இழப்பு. புரட்டாசியிலும் சனிக்கிழமைகளிலும் முட்டை தொடாதவர்கள் கூட்டத்தில் இருந்தால் அவர்களுக்குத் தனிக் கல்லும் தனிக் கரண்டியும் முதலிலேயே ஒதுக்கிவிடவேண்டும்.

அடுப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே இடமில்லை. காட்டுக்குள் விறகு மூட்டக் கூடாது; மாசி, பங்குனியில் சருகு காய்ந்து கிடக்கும் காப்பித் தோட்டத்திலும் தோட்டத்தார் காட்டும் இடத்தைத் தவிர வேறெங்கும் தீ வைக்கக் கூடாது. ஐந்து கிலோ சிலிண்டரும் காற்றை மறைக்க மூன்று பக்கத் தகரத் தடுப்பும் போதும், ஆனால் தடுப்பு சிலிண்டரையும் சேர்த்துச் சூழ்ந்து சூட்டைத் தேக்கும்படி இருக்கக் கூடாது.

முட்டை ஒட்டிய பாத்திரத்தில் முதலில் வெந்நீர் ஊற்றினால் ஒட்டியது வெந்து இறுகிவிடும் என்பதால், பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்த பிறகே வெந்நீர் விடவேண்டும். ஓடுகளைப் புதரில் வீசினால் குரங்குகள் கூடாரத்தைத் தேடி வரப் பழகிவிடும். அவற்றை நொறுக்கி, மூடியுள்ள தூக்குப்போசியில் போட்டுச் சேலத்துக்கே கொண்டுவந்தால் ரோஜாச் செடிக்கு உரமாகும்.