ஜிப்சியை லிஃப்ட் செய்வது: எந்த முறை, எவ்வளவு, எங்கே நான் சொதப்பினேன்

என் மாருதி ஜிப்சி கிங்கை லிஃப்ட் செய்து, அதாவது உயர்த்தி, பெரிய 235/75 ஆர்15 டயர் போட ஆசைப்பட்டு, ஒரு மாதத்தில் மூன்று தடவை வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பிரித்தேன். நீங்கள் ஒரே தடவையில் முடித்துக்கொள்ளலாம்.

டயர் முதலில், லிஃப்ட் அப்புறம்

கம்பெனி டயர் 205/70 ஆர்15. உயரம் 668 மி.மீ. 215/75 போட்டால் சுமார் 703, 235/75 போட்டால் 733. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அச்சு இருந்த இடத்தில்தான் இருக்கும். கல்லில் முதலில் இடிப்பது டிஃப்ரன்ஷியல் (அச்சில் உருண்டையாகத் தொங்கும் கியர் பெட்டி). அதை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் கூடிய உயரத்தில் பாதிதான்: 235-க்கு 33 மி.மீ. லிஃப்ட் சேஸையும் (அடிச்சட்டம்) பாடியையும் தூக்கி டயருக்கு இடம் தரும், அவ்வளவுதான்.

விலையும் உண்டு. 235 போட்டால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் போகும். 1.3 லிட்டர் என்ஜினுக்கு ஐந்தாவது கியர் கிட்டத்தட்ட அலங்காரப் பொருள்தான். ஸ்பிரிங் தொய்யாத வண்டியில் 215/75 பெரும்பாலும் லிஃப்ட் இல்லாமலே உட்கார்ந்துவிடும். அது போதுமென்றால் இதற்கு மேல் படிக்காதீர்கள்.

அளந்து பாருங்கள்

நண்பரிடம் ஒரே ஒரு 235 சக்கரத்தை இரவல் வாங்கி முன்பக்கம் மாட்டினேன். அந்தச் சக்கரத்தை ஒரு திட்டில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, உரசும் இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டேன். ஃபெண்டர் விளிம்பிலும் பம்பர் ஓரத்திலும் உரசினால் லிஃப்ட் உதவும். உள்பக்கம் ஸ்பிரிங்கில் உரசினால் எத்தனை இன்ச் தூக்கினாலும் தீராது. சக்கரம் எவ்வளவு ஒடியலாம் என்று தடுக்கும் ஸ்டீயரிங் ஸ்டாப்பர் போல்ட்டைத்தான் சரிசெய்ய வேண்டும். எனக்குத் தேவைப்பட்டது இரண்டு இன்ச்சுக்குள்தான்.

முறையைத் தேர்ந்தெடுப்பது

பாடி லிஃப்ட்: சேஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டைகள். சஸ்பென்ஷனைத் தொடாது, ஓட்டும் குணம் மாறாது. ஆனால் ரேடியேட்டர் ஃபேன், கியர் லீவர், பெட்ரோல் ஊற்றும் குழாய் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். ஒரு இன்ச்சுக்கு மேல் நான் போக மாட்டேன்.

நீள ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸோடு இணைக்கும் பட்டை): மலிவு, ஒரே நாளில் முடியும். இரண்டு இன்ச் நீளமான ஷேக்கிள் போட்டால் ஒரு இன்ச்தான் லிஃப்ட் கிடைக்கும்.

புது ஸ்பிரிங் செட்: என் ஓட்டு இதற்குத்தான். பழைய ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு இலை (இரும்புப் பட்டை) சேர்ப்பதும் உண்டு, ஆனால் காலி வண்டியில் இடுப்பு ஒடியும்.

ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே மாற்றுவது: ஐந்து இன்ச் வரை கிடைக்கும். வெல்டிங், ஸ்டீயரிங் ராடு, பிரேக் ஹோஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் (என்ஜின் சக்தியை அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு) என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் லிஃப்ட்டுக்கு வேண்டாம்.

நான் தடுக்கி விழுந்த இடம்

செலவைப் பார்த்து முதலில் ஷேக்கிள்தான் போட்டேன். ஜிப்சியில் முன் ஸ்பிரிங்கின் ஷேக்கிள் முன்பக்கம் இருக்கிறது. அதை நீளமாக்கினால் ஸ்பிரிங்கின் முன் முனை கீழே இறங்கி, அச்சு முன்னால் கவிழும். அதாவது கேஸ்டர் (சக்கரம் ஒடியும் அச்சுக்கோட்டின் பின்சாய்வு) குறையும். சைக்கிளின் முன் ஃபோர்க்கை நெட்டுக்குத்தாக நிமிர்த்தினால் என்ன ஆகும், அதுதான். அறுபதைத் தாண்டியதும் வண்டி சாலையில் அலைந்தது.

இதற்கு மருந்து, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் வைக்கும் இரண்டு டிகிரி ஆப்பு. ஒரு வீடியோவைப் பார்த்து தடித்த பக்கம் பின்னால் வருமாறு வைத்தேன். வண்டி இன்னும் மோசமானது! மறுபடி பிரித்தபோதுதான் புரிந்தது: வீடியோவில் இருந்தது ஸ்பிரிங் அச்சுக்கு மேலே உள்ள வண்டி. ஜிப்சியில் ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே. ஆகவே முன் அச்சில் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும். திருப்பி வைத்தேன், வண்டி நேராக ஓடியது.

அலுமினிய ஆப்பு வேண்டாம், நசுங்கும், உடையும். இரும்பு வாங்குங்கள். ஆப்பு வைத்த பிறகும், ஸ்பிரிங் இலைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை அச்சின் குழிக்குள் முழுதாக இறங்குகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் நீளமான போல்ட் போடுங்கள், இல்லையென்றால் அச்சு நகரும். அதிக டிகிரியும் வைக்காதீர்கள். முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கெடும், 4x4 போட்டதும் அதிரும்.

ஸ்பிரிங்கைப் பிறகு மாற்றிவிட்டேன். ஷேக்கிள் இப்போது பழைய அளவு.

மூடுவதற்கு முன்

சேஸைத் தூக்கி அச்சைத் தொங்கவிட்டுப் பாருங்கள்: பிரேக் ஹோஸ் விறைப்பாக இருக்கக் கூடாது, ஷாக் அப்சார்பர் முழுதும் நீண்டு நிற்கக் கூடாது. அச்சையும் ஸ்பிரிங்கையும் கட்டிப் பிடிக்கும் யூ போல்ட்டுகள் புதிதாகவே இருக்கட்டும். 200 கி.மீ. ஓடியதும் மறுபடி முடுக்குங்கள்; எனக்கு ஒவ்வொன்றும் கால் சுற்று போனது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் மனதில் வையுங்கள். தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வண்டியை மாற்றுவதை அது கட்டுப்படுத்துகிறது. எஃப்.சி.க்குப் போகும்போது மாட்டிக்கொள்ள, பழைய கம்பெனி டயர்களை வீட்டில் எடுத்து வைத்திருப்பது நல்லது.

பிற்சேர்க்கை: மாருதி ஜிம்னிக்கும் இதே ஷேக்கிள் பொருந்துமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். பொருந்தாது, அதில் இலை ஸ்பிரிங் இல்லை, காயில் (சுருள்) ஸ்பிரிங். அங்கே லிஃப்ட் செய்தால் அச்சு பக்கவாட்டில் நகரும், அதனால் நீளத்தை மாற்றக்கூடிய பேன்ஹார்ட் ராடு (அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) தேவைப்படும். ஆனால் கேஸ்டர் அதிலும் குறையத்தான் செய்யும். அதைச் சரிசெய்ய ஆப்புக்குப் பதிலாகத் துளை நடுவில் இல்லாமல் தள்ளி வைத்த புஷ் (இணைப்பில் வைக்கும் ரப்பர் வளையம்) போடுவார்கள். அதிலும் முன் பின் பார்த்து மாட்டுங்கள்.