இரண்டு ராம் போட்டும் ஒன்றின் வேகம்தான் கிடைத்தது

பட்ஜெட் இடிக்கவே கிராஃபிக்ஸ் கார்டைத் தள்ளிவைத்து, உள்ளமைந்த கிராஃபிக்ஸ் உள்ள பிராசஸர், 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு என்று கணினியைக் கட்டினேன். கேம் ஓடியது, ஆனால் நொடிக்கு ஃபிரேம் 30-ஐத் தாண்டவில்லை. திரும்பும்போதெல்லாம் திக்கியது.

டிரைவரை முழுதாக நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். பலனில்லை. வெப்பநிலையும் சரியாகவே இருந்தது. டாஸ்க் மேனேஜரில் ராம் வேகம் 2133 என்று காட்டவே, பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பு) இயக்கி 3200 ஆக்கினேன். கொஞ்சம் முன்னேற்றம், திக்கல் போகவில்லை.

என்னை மூன்று நாள் ஏமாற்றியது அதே டாஸ்க் மேனேஜர்தான். 16 ஜிபி, நான்கில் இரண்டு ஸ்லாட் பயன்பாட்டில் என்று காட்டும். எந்த இரண்டு என்று சொல்லாது. கணினியின் பாகங்களை விவரமாகக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்தபோதுதான் சேனல் (ராமுக்கும் பிராசஸருக்கும் இடையே தரவு போகும் பாதை) என்ற இடத்தில் 'சிங்கிள்' என்றிருந்தது. (அங்கே வேகம் 1600 என்று தெரிந்தால் பதற வேண்டாம். டிடிஆர் ராம் ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு அனுப்பும் என்பதால் பாதி எண்தான் வரும்.)

பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகியிருக்கிறேன். இரண்டும் ஒரே சேனல். நான்கு ஸ்லாட்டும் கறுப்பு நிறம் என்பதால் வித்தியாசம் தெரியவில்லை. போர்டின் கையேட்டில் ஏ2, பி2 என்றிருந்தது, அதாவது பிராசஸரிலிருந்து எண்ணினால் 2-ம் 4-ம். அப்படி மாற்றியதும் ஃபிரேம் 45-க்கு மேல் நின்றது, திக்கலும் போனது. அப்பாடா!

உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பங்குபோடும். 3200 வேகத்தில் ஒரு சேனல் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு சேனல் 51.2.