புதுக் காசுக்கு கிரேடிங்: பணம் எங்கே வீணாகிறது

நாணயச்சாலையிலிருந்து நேரே வாங்கிய வெள்ளிக் காசு. யார் கையும் படாமல் பெட்டிக்குள் பளபளவென்று இருக்கிறது. இதை கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்பி மதிப்பெண் வாங்கி, ஸ்லாப் என்னும் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து வைத்தால் லாபமா? புதுக் காசுகளைப் பொறுத்தவரை, பெரும்பாலும் இல்லை என்பதே என் பதில். இந்தப் பழக்கம் வேரூன்றியது அமெரிக்காவில். பணத்தை விட்டவர்களும் அங்கேதான் அதிகம் என்பதால், அந்தக் காசுகளை வைத்தே பேசலாம்.

கிரேடிங் வந்ததே பழங்காசுகளுக்காகத்தான். விற்கும்போது ‘புழங்காத காசு’ என்று சொல்லும் வியாபாரி, அதே காசை வாங்கும்போது ‘கொஞ்சம் தேய்ந்திருக்கிறதே’ என்பார். இந்த இழுபறிக்கு நடுவராக 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள் வந்தன. வாங்குவது விற்பதில் சம்பந்தமில்லாத ஒருவர் காசைப் பார்த்து, அசலா போலியா என்று சொல்லி, 1 முதல் 70 வரை ஒரு மதிப்பெண் போட்டு மூடி முத்திரை வைப்பார். அந்த 70 அளவுகோலை வில்லியம் ஷெல்டன் 1949இல் வெளியிட்டபோது அது பழைய அமெரிக்கச் செப்பு சென்டுகளுக்கு மட்டுமானது. 60 அல்லது அதற்கு மேல் வாங்கினால் புழக்கத்தில் தேயாத காசு என்று பொருள். நூற்றைம்பது வருடப் பழைய காசில் ஒரே ஒரு எண் கூடினாலும் விலை ஆயிரக்கணக்கான டாலர் ஏறலாம். அங்கே கட்டணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

புதுக் காசின் கதை வேறு. அமெரிக்க நாணயச்சாலை 1986 முதல் வெளியிடும் சில்வர் ஈகிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அவுன்ஸ் வெள்ளி, முக மதிப்பு ஒரு டாலர். சேகரிப்பாளர்களுக்கான ப்ரூஃப் காசுகளை அங்கே பக்குவமாக அடித்து, தனித்தனி உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள். 70 என்றால் ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும், அடித்த பிறகு ஏற்பட்ட குறை எதுவும் தெரியக் கூடாது. அப்படிப்பட்ட காசைத் தயாரிப்பதே நாணயச்சாலையின் அன்றாட வேலை என்பதால், அண்மைக் கால ஈகிள்களில் 70 வாங்கியவை ஏராளம். வகுப்பில் பாதிப் பேர் நூற்றுக்கு நூறு வாங்கும்போது அந்த நூறுக்கு என்ன மவுசு இருக்கும்? உயர்ந்த மதிப்பெண் வேறு, அரிதாக இருப்பது வேறு. புதிதாகச் சேர்க்க வருபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

இதற்கு நல்ல சாட்சி 1963ஆம் ஆண்டு லிங்கன் சென்டின் ப்ரூஃப். அந்த வருடம் 30 லட்சத்துக்கும் மேல் ப்ரூஃப் செட்டுகள் விற்றன, ஆகவே காசு சாதாரணமானதுதான். ஆனால் 70 வாங்கிய காசு அரிதாக இருந்த நாளில், அப்படி ஒன்று ஏலத்தில் 39,100 டாலருக்குப் போனது. செய்தி பரவியதும் வீட்டில் 1963 செட் வைத்திருந்தவர்கள் தங்கள் காசுகளையும் அனுப்ப ஆரம்பித்தார்கள். 70 வாங்கிய காசுகள் பெருகப் பெருக விலை சரிந்தது. அந்த விலை வெறும் ஒரு சென்டுக்கு எப்படி வந்தது? ‘அப்போதைக்கு வேறு யாரிடமும் இல்லை’ என்பதற்காகத்தான். பழங்காசில் புதிதாக ஆயிரம் நல்ல காசுகள் முளைத்துவிடாது. புதுக் காசில் முளைக்கும்.

எந்த மதிப்பெண்ணை எத்தனை காசுகள் வாங்கின என்று நிறுவனங்கள் வெளியிடும் பாப்புலேஷன் ரிப்போர்ட்டைப் பார்ப்பவர்களும் இதே குழியில் விழலாம். ‘70இல் மொத்தமே நாற்பது காசுதான்’ என்று அது சொல்வது, இதுவரை அனுப்பப்பட்டவற்றில் நாற்பது என்பதைத்தான். போன மாதம் வெளிவந்த காசுக்கு அந்த எண்ணிக்கையைக் காட்டி விலை கேட்பவரிடம் கொஞ்சம் பொறுங்கள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிடலாம்.

சரி, அப்புறம் கணக்கு. ஒரு காசுக்குக் கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் சேர்த்து 35 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் காசுக்கு 350. ஆறுக்கு 70, நாலுக்கு 69 கிடைக்கிறது. பொதுவாகக் கிடைக்கும் காசில் 69 என்பது கிட்டத்தட்ட ஸ்லாப் இல்லாத காசின் விலைக்கே போகும். சில சமயம் பெட்டிச் செலவுகூடத் தேறாது. ஆக, 350 டாலரையும் அந்த ஆறு காசுகள்தான் சுமக்க வேண்டும். ஒவ்வொன்றும் சாதாரண விலைக்கு மேல் சுமார் 58 டாலர் கூடுதலாக விற்றால் போட்டது வரும், லாபம் இல்லை. விற்கும் தளத்தின் கமிஷன் இதில் சேரவே இல்லை. பலர் 70இன் விலையை மட்டும் பார்த்து மனக்கணக்குப் போடுகிறார்கள், அதுவும் விற்பவர் கேட்கும் விலையை. உண்மையில் விற்று முடிந்த விலை எது என்று தேடிப் பாருங்கள். சிரிப்பு வரும் அளவுக்கு வித்தியாசம் இருக்கும்.

பெரிய வியாபாரிகள் இதில் எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்றால், நூற்றுக்கணக்கில் ஒரே வகைக் காசை மொத்தமாக அனுப்பி, ‘70 வந்தால் மட்டும் பெட்டியில் போடுங்கள்’ என்று குறைந்தபட்ச மதிப்பெண்ணை முன்பே சொல்லிவிடுவார்கள். தேறாதவை குறைந்த கட்டணத்தோடு திரும்பி வரும். அவை எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? ‘கிரேட் செய்யாத காசு’ என்று மறுபடி சந்தைக்கு. அப்படிச் சலித்து எடுத்த மிச்சத்தை வாங்கி 70க்கு அனுப்பிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

ஸ்லாபில் வைக்கும் லேபிள் விஷயமும் உண்டு. ‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்’, ‘எர்லி ரிலீசஸ்’ என்று அச்சிட்டிருந்தால், முதலில் அடித்த காசு என்று தோன்றும். விற்பனை தொடங்கி முதல் 30 நாளுக்குள் அது கிரேடிங் நிறுவனத்துக்கோ அதன் அங்கீகாரம் பெற்ற கிடங்குக்கோ போய்ச் சேர்ந்தது என்பதுதான் பொருள். எந்தக் காசு எந்த வரிசையில் அடிக்கப்பட்டது என்று தாங்கள் கணக்கு வைப்பதில்லை என அமெரிக்க நாணயச்சாலையே சொல்லியிருக்கிறது. கையெழுத்து லேபிள், கொடி லேபிள் எல்லாம் பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் உள்ளே இருப்பது அதே காசு.

அனுப்பும் முன் காசைத் துடைப்பது தனிக் கொடுமை. விரலால் தேய்த்தாலே மெல்லிய கீறல்கள் விழும், நிபுணர் கண்ணுக்கு உடனே தெரியும். அப்புறம் மதிப்பெண் கிடைக்காது, ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற குறிப்போடு காசு திரும்பும். கட்டணம் மட்டும் திரும்பாது. வெள்ளிக் காசில் இன்னொரு தலைவலி, பால் சிந்தியது போல வெள்ளைப் புள்ளிகள். 70 வாங்கி முத்திரை வைத்த பெட்டிக்குள்ளேயே சில வருடம் கழித்துத் தோன்றும். நிறுவனங்களின் உத்தரவாதம் இதற்குப் பொதுவாகப் பொருந்தாது. கனடா நாணயச்சாலை இதைக் குறைக்க 2018இல் தன் மேப்பிள் லீஃப் காசுகளுக்குத் தனித் தொழில்நுட்பமே கொண்டுவந்தது என்றால் தொல்லை எவ்வளவு என்று புரியும்.

எப்போது அனுப்பலாம்? காசைப் பற்றி உண்மையிலேயே ஒரு சந்தேகம் இருந்து, அதன் தீர்ப்பில் பெரிய தொகை தொங்கும்போது. 2000ஆம் ஆண்டில் சீரியோஸ் என்ற காலை உணவுப் பெட்டிகள் 5,500இல் சகாகவேயா டாலர் என்னும் ஒரு டாலர் காசு ஒன்றைப் பரிசாக வைத்தார்கள். அவற்றில் சிலவற்றில் கழுகின் வால் இறகு, மற்ற டாலர்களில் இல்லாத நுணுக்கத்தோடு இருப்பதை 2005 வாக்கில்தான் கவனித்தார்கள். இன்று அப்படி ஒன்று ஆயிரக்கணக்கில் விலை போகிறது. இதைச் சாதாரண டாலரிலிருந்து பிரித்துச் சொல்ல நம்பகமான மூன்றாம் ஆள் வேண்டும். கட்டணம் இங்கே ஒரு பொருட்டே அல்ல. வெறும் 30,125 மட்டுமே அடித்த 1995ஆம் ஆண்டு டபிள்யூ என்னும் நாணயச்சாலைக் குறியிட்ட சில்வர் ஈகிள், இரண்டு வேறு காசுகளின் அச்சு சேர்ந்துவிட்ட பிழைக் காசுகள் ஆகியவையும் இந்த வகை. சில்லறையாகப் புழங்கவே அடித்த காசுகளிலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அவை மூட்டையில் ஒன்றோடொன்று மோதி வருவதால் மிக உயர்ந்த மதிப்பெண் அங்கே நிஜமாகவே அபூர்வம்.

ஸ்லாபோடு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: பெட்டியும் போலியாக வருகிறது. லேபிளில் உள்ள சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, படம் இருந்தால் காசோடு ஒப்பிடுங்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அசல் எண்ணைத்தான் போலியிலும் அச்சிடுகிறார்கள்.

நம் ஊரில் அடிக்கடி வரும் கேள்வி, 2012இல் வந்த வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாய், பத்து ரூபாய் காசுகளை கிரேட் செய்யலாமா என்பது. லட்சக்கணக்கில் விலை போகும் என்ற வாட்ஸ்ஆப் வதந்தியால் வருகிற கேள்வி இது. புழக்கத்துக்கு வந்த காசு, தாராளமாகக் கிடைக்கும். வெளிநாட்டுத் தபால், சுங்கம் எல்லாம் சேர்ந்தால் செலவு காசின் விலையைப் பல மடங்கு தாண்டும். பழைய காசு, நோட்டு வாங்குவதாகச் சொல்லி ரிசர்வ் வங்கியின் பெயரில் கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்ததையும் நினைவில் வையுங்கள். நல்ல காசு கையில் இருந்தால் பி.வி.சி. கலக்காத காற்றுப்புகாக் கேப்சூல் ஒன்று போதும்.

அப்படியும் அனுப்பியே தீருவேன் என்பவர்கள் சட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசுகள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன, தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. ‘அனுப்புவதுதான் அனுப்புகிறோம், இதையும் சேர்த்துவிடலாம்’ என்று தாத்தா காலத்து விக்டோரியா ரூபாயை அதே பொட்டலத்தில் போட்டுவிடாதீர்கள்.